மறதிக்கு ஒரு பூட்டு வேண்டும்!

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல்)



விமான விபத்து என்றதும் நம் மனசு எங்கே போகும்? எஞ்சின் தீப்பிடித்தது, மலையில் மோதியது, கடலில் விழுந்தது... இப்படித்தானே? ஆனால் விமான வரலாற்றிலேயே மிக அதிகம் பேரைப் பலி வாங்கிய விபத்து வானத்தில் நடக்கவே இல்லை. தரையில், ஓர் ஓடுபாதையின் மேல் நடந்தது. மோதிக்கொண்ட இரண்டு விமானங்களிலும் எந்தப் பழுதும் கிடையாது. இரண்டையும் ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். இருந்தும் 583 பேர் போய்விட்டார்கள்!

அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் நம் நாட்டில் நடந்த ஒன்று. 2024 ஜூன் 8-ஆம் தேதி, மும்பை விமான நிலையம். திருவனந்தபுரம் போகிற ஏர் இந்தியா விமானம் ரன்வேயில் வேகமெடுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அது தரையை விட்டு எழும்புகிற அதே நேரத்தில், இந்தூரிலிருந்து வந்த இண்டிகோ விமானம் அதே ரன்வேயில் பின்னாலேயே வந்து இறங்குகிறது! நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வீடியோ நாடெங்கும் சுற்றியது. அடுத்து வந்த செய்தி என்ன? கட்டுப்பாட்டு அதிகாரி பணியிலிருந்து விலக்கி வைப்பு, விசாரணைக்கு உத்தரவு! நாமும் "அப்பாடா, நடவடிக்கை எடுத்துட்டாங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

என் கேள்வி இதுதான். அந்த ஒருவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டால் போதுமா? அதே நாற்காலியில் நாளைக்கு இன்னொருவர் உட்காரப் போகிறார். அவரும் மனிதர்தான். அவருக்கும் மறதி வரும், தூக்கம் வரும், சொன்னது ஒன்று காதில் விழுந்தது ஒன்று என்று ஆகும். ஒரே ஒரு மனிதரின் ஒரே ஒரு கவனப் பிசகு நூற்றுக்கணக்கானவர்களின் சாவாக மாற முடியும் என்றால், கோளாறு அந்த மனிதரிடமா, இல்லை அப்படி அமைத்து வைத்திருக்கிற ஏற்பாட்டிலா? ஏற்பாட்டில்தான் என்பது என் கட்சி.

கோபுரத்தில் என்ன நடக்கிறது?

ஏ.டி.சி. என்று சுருக்கமாகச் சொல்கிறோமே, அந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு ஒரே ஆள் பார்க்கிற வேலை இல்லை. நிற்கிற இடத்திலிருந்து டாக்ஸிவே வழியாக விமானத்தை நகர்த்துகிறவர் ஒருவர். ரன்வேயைக் கையில் வைத்திருப்பவர் இன்னொருவர். அவர்தான் டவர் கன்ட்ரோலர். மேலே ஏறிய பிறகும், இறங்க வருவதற்கு முன்னும் ரேடார் திரையில் பார்த்து வழி சொல்கிறவர்கள் வேறு. இதில் ரன்வேயை வைத்திருப்பவர் வேலைதான் கத்தி மேல் நடக்கிற வேலை.

ஏன்? இறங்க வருகிற ஒரு பெரிய விமானம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதாவது ஒரு நிமிஷத்தில் நாலு கிலோமீட்டர். நெருக்கடியான ஒரு விமான நிலையத்தில் ஒரே ரன்வேயில் ஒரு மணி நேரத்தில் 40-க்கும் மேற்பட்ட விமானங்கள் ஏறி இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றரை நிமிஷம்கூடக் கிடையாது! மும்பையிலும் சரி, நம் சென்னை மீனம்பாக்கத்திலும் சரி, இரண்டு ரன்வேக்கள் இருந்தாலும் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. இரண்டையும் தனித்தனியாக, ஒன்றைப் பற்றி ஒன்று கவலைப்படாமல் ஓட்ட முடியாது.

இத்தனையையும் அவர் எதை வைத்துச் சமாளிக்கிறார்? கண், காது, ஒரு வி.ஹெச்.எஃப். ரேடியோ, ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்றாக எதிரே அடுக்கி வைத்திருக்கிற சின்னச் சின்னப் பட்டைகள் (இப்போது பல இடங்களில் அதுவே கம்ப்யூட்டர் திரையில்), அப்புறம் அவருடைய ஞாபக சக்தி. ஆம், கடைசியில் ஞாபக சக்திதான்!

ரயில்வேக்காரர்கள் கண்டுபிடித்தது

இந்த இடத்தில் நம் ரயில்வேயை நினைத்துப் பாருங்கள். ஒற்றை லைன் பாதையில் இரண்டு ரயில் எதிரும் புதிருமாக வந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்காகத்தான் டோக்கன் முறை வந்தது. பிளாட்பாரத்தில் நின்று டிரைவர் கையில் ஒரு பெரிய வளையத்தைக் கொடுப்பார்களே, பார்த்தவர்கள் வீட்டுப் பெரியவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். அந்த வளையத்தில் தொங்கும் பைக்குள் ஓர் இரும்பு உருண்டை இருக்கும். ஒரு ஸ்டேஷனில் கருவியிலிருந்து அந்த உருண்டையை எடுத்துவிட்டால், இந்த ஸ்டேஷன் கருவியும் அடுத்த ஸ்டேஷன் கருவியும் இரண்டுமே பூட்டிக்கொள்ளும். அந்த உருண்டை மறுபடி ஏதாவது ஒரு கருவிக்குள் போய் விழுகிற வரை இன்னொன்றை எடுக்கவே முடியாது.

இதில் என்ன அழகு? ஸ்டேஷன் மாஸ்டர் மறந்து போனாலும் இரும்பு மறக்காது! அவர் தூக்கக் கலக்கத்தில் இன்னொரு ரயிலை விட நினைத்தாலும் கருவி விடாது. மனிதன் தவறுவான் என்று ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு நடக்கிற இடத்திலேயே ஒரு பூட்டைப் போட்டுவிட்டார்கள்.

ரன்வேயும் ஒற்றை லைன்தான். ஒரு நேரத்தில் ஒரு விமானத்துக்குத்தான் உரிமை. ஆனால் அங்கே உருண்டையும் இல்லை, பூட்டும் இல்லை. அனுமதி என்பது காற்றில் போகிற ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைச் சொன்னவரும் கேட்டவரும் ஞாபகம் வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நடந்த விபத்துக்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் எல்லாம் விளங்கும்.

நாலு விபத்து, நாலு ஓட்டை

முதலாவது, நான் தொடக்கத்தில் சொன்னது. 1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே போக வேண்டிய பெரிய விமானங்களையெல்லாம் இந்தச் சின்ன விமான நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். டாக்ஸிவே முழுக்க விமானம். வேறு வழியில்லாமல் ரன்வேயிலேயே ஊர்ந்து போக வேண்டிய நிலை. அதோடு மூடுபனி. டவரில் இருந்தவருக்கு ரன்வே தெரியவில்லை; தரை ரேடாரும் அங்கே கிடையாது. ஹாலந்து நாட்டு கே.எல்.எம். ஜம்போ ஒரு முனையில் புறப்படத் தயாராக நிற்கிறது. அமெரிக்காவின் பான் ஆம் ஜம்போ அதே ரன்வேயில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது.

கே.எல்.எம். விமானி, புறப்பட அனுமதி கிடைக்காமலேயே ஓட ஆரம்பித்துவிட்டார். "நாங்கள் டேக் ஆஃபில் இருக்கிறோம்" என்ற பொருளில் ரேடியோவில் ஒரு வாசகம் போனது. தயாராக நிற்கிறார் என்று டவர் புரிந்துகொண்டு "ஓகே" என்றது. அதைத் தொடர்ந்து டவர், "காத்திருங்கள், கூப்பிடுகிறேன்" என்று சொன்ன அதே கணத்தில், "நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆம் விமானியும் பேசினார். இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும்? நம் பாடத்தில் படித்ததுதான். இரண்டு கேரியர்களும் மோதி ஹெட்டரோடைன் விசில்! கே.எல்.எம். விமானத்தில் கேட்டது அந்தக் கீச்சொலிதான். அந்த விமானத்தின் ஃப்ளைட் எஞ்சினியர் மட்டும் "அவன் இன்னும் விலகலையோ?" என்று சந்தேகம் கேட்டார். கேப்டன் "விலகியாச்சு" என்று அழுத்திச் சொல்லிவிட்டார். சில வினாடிகளில் எல்லாம் முடிந்தது. அந்தக் கேப்டன் சாதாரண ஆள் இல்லை. மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர், கம்பெனி விளம்பரத்தில் படம் வந்தவர். யானைக்கும் அடி சறுக்கும்!

இதற்குப் பிறகு உலகம் என்ன கற்றுக்கொண்டது தெரியுமா? "டேக் ஆஃப்" என்ற சொல்லை, உண்மையிலேயே அந்த அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர, வேறு எப்போதும் ரேடியோவில் உச்சரிக்கக் கூடாது! மற்ற நேரங்களில் "டிபார்ச்சர்" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்குப் பூட்டு! அதோடு, காக்பிட்டில் கேப்டன் சொல்வதே வேதம் என்ற நிலையும் மாறியது. கீழே உள்ளவர் தைரியமாகக் கேட்கவும், மேலே உள்ளவர் காது கொடுக்கவும் பயிற்சி வந்தது.

இரண்டாவது, 1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலஸ். மாலை இருட்டிய நேரம். டவரில் இருந்த பெண் கன்ட்ரோலர் ஒரு சின்ன விமானத்தை ரன்வேயிலேயே கொண்டுபோய் நிறுத்தி, காத்திருக்கச் சொன்னார். அதற்குள் வேறு விமானங்களோடு பேச்சு, குழப்பம். நிறுத்தி வைத்ததை மறந்தேபோனார். அதே ரன்வேயில் போயிங் 737 இறங்க அனுமதி கொடுத்தார். 35 பேர் இறந்தார்கள். தப்பு யாருடையது? "அந்த அம்மாவோடதுதான், சந்தேகமென்ன?" என்பீர்கள். ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அப்படி முடிக்கவில்லை. ஒருவர் மறந்தால் இன்னொருவர் பிடித்துக்கொள்ளும் மாற்று ஏற்பாட்டை அந்த நிலையத்தின் நிர்வாகம் செய்து வைக்கவில்லை, மேலிடமும் அதைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று முதல் காரணமாக அதைத்தான் எழுதியது. அன்று தரை ரேடாரும் வேலை செய்யவில்லை.

மூன்றாவது, 2001 அக்டோபர் 8, இத்தாலியின் மிலான் நகரம், லினாட்டே விமான நிலையம். மூடுபனி. சின்ன செஸ்னா விமானம் ஒன்று தவறான டாக்ஸிவேயில் போய்விட்டது. தரையில் எழுதியிருந்த ஒரு குறியைப் பார்த்து, "இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று விமானி சொல்கிறார். டவரில் இருந்தவரிடம் இருந்த வரைபடத்தில் அந்தக் குறியே இல்லை! எங்கோ சரியான இடத்தில்தான் இருக்கிறார் என்று நினைத்து மேலே போகச் சொல்லிவிட்டார். செஸ்னா நேராக ரன்வேக்குள் போக, புறப்பட்டு ஓடிவந்த பயணி விமானம் மோத, 118 பேர் இறந்தார்கள். தரை ரேடார்? பழையது நிறுத்தப்பட்டுவிட்டது; புதியது இன்னும் செயல்பாட்டுக்கு வரவில்லை. பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதுப் பாலத்தைத் திறக்காமல் வைத்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? அங்கே அப்படித்தான் இருந்தது.

நாலாவது, அண்மையில். 2024 ஜனவரி 2, ஜப்பானின் ஹனேடா. முந்தைய நாள் நோட்டோ பகுதியில் பெரிய நிலநடுக்கம். அங்கே நிவாரணப் பொருள் கொண்டுபோகக் கடலோரக் காவல் படையின் விமானம் தயாராகிறது. "முதலாவதாக நீங்கள், ரன்வேக்கு முன்னால் உள்ள நிறுத்தம் வரை வாருங்கள்" என்ற பொருளில் டவர் சொன்னது. விமானி அதை ரன்வேக்குள் நுழையவே அனுமதி என்று எடுத்துக்கொண்டார். நுழைந்து 40 வினாடி போல நின்றார். பின்னாலிருந்து 379 பேரோடு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் வந்து இறங்கி மோதியது. அந்த 379 பேரும் எரிகிற விமானத்திலிருந்து உயிரோடு வெளியே வந்தார்கள் என்பது விமானப் பணியாளர்களின் பயிற்சிக்குக் கிடைத்த வெற்றி. காவல் படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ரன்வே வாசலில் "நில்" என்று சிவப்பாக எரிகிற விளக்கு வரிசை ஒன்று உண்டு. அது வேலை நடப்பதால் இயங்காமல் இருந்தது. இயங்கினாலும் பார்வை மங்கிய வேளைகளில்தான் எரியவிடுவது அங்கே வழக்கம். அடுத்து, ரன்வேயில் ஆள் இருக்கிறது என்று கன்ட்ரோலரின் திரை நிறம் மாறிக் காட்டியது, யாரும் கவனிக்கவில்லை. விபத்துக்குப் பின் சில நாட்களிலேயே அந்தத் திரையை மட்டும் பார்க்க ஓர் ஆளைத் தனியாகப் போட்டார்கள். "முதலாவது" என்ற சொல்லையும் சிறிது காலம் நிறுத்தி வைத்தார்கள். வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டிய கதை!

பாருங்கள் நண்பர்களே. ஓரிடத்தில் சொல், ஓரிடத்தில் ஞாபகம், ஓரிடத்தில் ரேடார், ஓரிடத்தில் விளக்கு. நாலிலும் ஒரு மனிதர் தவறினார். ஆனால் நாலிலும் அந்தத் தவற்றைப் பிடிக்க வேண்டிய இரண்டாவது கை அங்கே இல்லை.

இரண்டாவது கை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23, டெல்லி. ஒரு விமானம் புறப்பட அனுமதி பெற்றுவிட்டது. அப்போதுதான் இறங்கிய இன்னொரு விமானத்துக்கு அதே ரன்வேயைக் குறுக்கே கடக்க அனுமதி போய்விட்டது. கடக்க வந்த விமானத்தின் பெண் கேப்டன் கண்ணால் பார்த்து உடனே டவருக்குச் சொன்னார். டவர் புறப்பாட்டை நிறுத்தியது. செய்தி ஒரு மூலையில் முடிந்தது. மறுநாள் பேப்பர் முழுக்க வர வேண்டிய சாவுச் செய்தி வராமல் போனது!

பலியாடு தேடும் பழக்கம்

2002 ஜூலை 1-ஆம் தேதி இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ரஷ்யாவிலிருந்து சுற்றுலா கிளம்பிய பிள்ளைகள். இது ரன்வேயில் நடக்கவில்லை, வானத்தில் நடந்தது. ஆனாலும் நம் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஜூரிக் நகரத்தில் இருந்த கட்டுப்பாட்டு நிலையத்தில் அன்று ஒருவர்தான் பணியில். கூட இருந்தவர் ஓய்வெடுக்கப் போயிருந்தார். அது அங்கே நிர்வாகத்துக்குத் தெரிந்தே நடந்த வழக்கம். இவர் ஒரே ஆள் இரண்டு மேசைகளைப் பார்க்கிறார். பராமரிப்பு வேலைக்காக எச்சரிக்கை வசதி நிறுத்தப்பட்டிருக்கிறது. டெலிபோனும் சரியாக இல்லை; பக்கத்து நாட்டுக் கன்ட்ரோலர் ஆபத்தைப் பார்த்துவிட்டு மாற்றி மாற்றிக் கூப்பிட்டும் லைன் கிடைக்கவில்லை.

பழி முழுக்க அந்த ஒருவர் தலையில் விழுந்தது. 2004 பிப்ரவரியில், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த விபத்தில் பறிகொடுத்த தகப்பன் ஒருவர் தேடிப்போய் அவரை அவர் வீட்டு வாசலிலேயே குத்திக் கொன்றார். அந்தத் தகப்பனின் துக்கத்தை யார் அளக்க முடியும்? ஆனால் 2007-இல் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் என்ன சொன்னது? அந்த நிறுவனத்தின் நாலு பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் மூன்று பேர் மேலாளர்கள். அந்தத் தீர்ப்பைக் கேட்க கன்ட்ரோலர் உயிரோடு இல்லை.

ஆள் பற்றாக்குறை என்னும் பழுது

யூபர்லிங்கனில் ஒரே ஆள். 2006 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஒரு விமானம் தவறான குட்டை ரன்வேயில் ஓடி 49 பேர் இறந்தபோதும் டவரில் ஒரே ஆள். அவர் அதற்கு முன் தூங்கியது சுமார் இரண்டே மணி நேரம். அங்கே முதல் தவறு விமானிகளுடையதுதான். ஆனால் தடுத்திருக்கக் கூடிய கண்கள் தூக்கத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தன. 2025 ஜனவரி 29-இல் வாஷிங்டனில், இறங்க வந்த பயணி விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். அன்றும் ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் சேர்த்து ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த இடத்தில் விமானமும் ஹெலிகாப்டரும் மிக நெருங்கி வந்த சம்பவங்கள் 15,214 என்று பிறகு கணக்கெடுத்தார்கள். அத்தனை முறை மணி அடித்திருக்கிறது. யாரும் கதவைத் திறக்கவில்லை!

நம் மலர் ஒரு சங்கத்தின் மலர் என்பதால் ஒரு வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். 1981 ஆகஸ்டில் அமெரிக்கக் கன்ட்ரோலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது சம்பள உயர்வு மட்டுமில்லை; வேலை நேரக் குறைப்பும்தான். இரண்டே நாளில் அதிபர் ரீகன் 11,000-க்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டே நீக்கினார். அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டப்படி சரியா என்பது தனி விவாதம். ஆனால் "எங்களுக்குக் களைப்பாக இருக்கிறது" என்ற குரலை ஒழுங்கீனமாக மட்டும் பார்த்தார்கள். அது ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை என்று பார்க்கவில்லை. அந்த நாட்டில் இன்றைக்கும் கன்ட்ரோலர் பற்றாக்குறை பேச்சு ஓயவில்லை. 67 பேர் இறந்தார்களே, அந்த விமான நிலையத்துக்கு வைத்திருக்கும் பெயரே ரீகன் பெயர்தான்.

நம் நாடு மட்டும் என்ன வாழ்கிறது? விமானங்களும் விமான நிலையங்களும் கூடிக்கொண்டே போகின்றன, நல்லதுதான். ஆனால் கன்ட்ரோலர் பற்றாக்குறையையும் அவர்களின் களைப்பையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழுவே சுட்டிக்காட்டியிருக்கிறது. 2025 நவம்பரில் டெல்லியில் செய்திப் பரிமாற்றக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. கன்ட்ரோலர்கள் விமானத் திட்டங்களைக் கையாலேயே கையாள வேண்டி வந்து, நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதம் ஆயின. "மிஷின் இல்லாமலேயே ஓட்டிட்டாங்களே" என்று சிலர் மெச்சினார்கள். மெச்சலாம். ஆனால் ஒருநாள் சமாளித்ததை தினப்படி ஏற்பாடாக ஆக்கிவிடக் கூடாது.

"அப்போ யாருமே பொறுப்பில்லையா?"

நண்பர்கள் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். "என்னப்பா, தப்பு பண்ணவனை விட்டுடணுமா? பயம் இருந்தாத்தானே ஒழுங்கா வேலை பார்ப்பான்?" நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

நம் ஒர்க் ஷாப்பில் லேத் முன்னால் நிறுத்தி முதல் நாள் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மிஷினைப் போடாதே! மறந்து போட்டால் சாவி தெறித்து ஆளையே அடிக்கும். இதற்கு இரண்டு வழி இருக்கிறது. மறந்தவனுக்கு நூறு ரூபாய் ஃபைன் போடலாம். இல்லை, கையை எடுத்ததும் தானே வெளியே தள்ளிக்கொள்கிற ஸ்பிரிங் வைத்த சாவியை வாங்கி வைக்கலாம். ஃபைன் போட்டால் மறதி நிற்குமா? வேண்டுமென்று யாராவது மறப்பார்களா? ஸ்பிரிங் சாவி வைத்தால் மறந்தாலும் கை கால் மிஞ்சும்.

குடித்துவிட்டுப் பணிக்கு வந்தவர், விதியைத் தெரிந்தே மீறியவர், பதிவேட்டில் பொய் எழுதியவர்... இவர்களைத் தண்டியுங்கள், நானும் கைதட்டுகிறேன். ஆனால் மறதியும் குழறலும் வேறு. அதற்குத் தண்டனை கொடுத்தால் ஒன்றே ஒன்றுதான் நடக்கும்: அடுத்தவர் தன் தவற்றை மறைப்பார். மோதல் நூலிழையில் தப்பினால் "நல்ல வேளை, யாரும் பார்க்கலை" என்று வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனம்தான் அடுத்த விபத்துக்கு விதை. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதுதான், பழி சுமத்துவது அல்ல என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியே சொல்கிறது. அமெரிக்காவில் 1976 முதல், விமானிகளும் கன்ட்ரோலர்களும் தங்கள் தவறுகளைப் பெயர் வெளியாகாமல் எழுதி அனுப்ப ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை நடத்துவது தண்டிக்கும் இலாகா அல்ல, நாசா! பயமில்லாமல் எழுதுகிறார்கள், மற்றவர்கள் படித்துத் திருந்துகிறார்கள்.

என்ன வேண்டும்? நாம் என்ன செய்ய வேண்டும்?

நெருக்கடியான எந்த டவரிலும் எந்த நேரத்திலும் ஒருவரைத் தனியாக விடக் கூடாது. பணி நேரமும் ஓய்வு நேரமும் காகிதத்தில் இருந்தால் போதாது. "ஆள் இல்லை" என்ற சாக்கில் அதை மீறக் கூடாது. தரை ரேடாரோ, நிறுத்த விளக்கோ, எச்சரிக்கைக் கருவியோ நின்றுவிட்டால், விமானங்களின் எண்ணிக்கையையும் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். பூட்டு உடைந்த வீட்டில் கூட்டத்தைக் கூட்டக் கூடாது! தப்பிப் பிழைத்த ஒவ்வொரு சம்பவத்தையும் விபத்து நடந்ததாகவே எண்ணி விசாரிக்க வேண்டும்.

"நாம டிப்ளமா பசங்க, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். கன்ட்ரோலர் ஆகப் பட்டப் படிப்பு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இந்திய விமான நிலைய ஆணையம் மின்னணுப் பிரிவுக்கும் தீயணைப்புப் பிரிவுக்கும் நம்மைப் போன்ற டிப்ளமாக்காரர்களை எடுக்கிறது. ரேடியோ, ரேடார், இறங்கும் வழிகாட்டிக் கருவி இவற்றைப் பராமரிக்கிற கைகள் நம் கைகளாக இருக்கலாம். மேலே சொன்ன விபத்துக்களில் எத்தனை இடத்தில் "கருவி வேலை செய்யவில்லை" என்ற வாக்கியம் வந்தது, எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஒர்க் ஆர்டர், ஒரு லாக் புக், ஒரு கையெழுத்து இருந்திருக்கும். அந்தக் கையெழுத்து நாளை நம்முடையது.

விமான நிலையத்துக்குப் போகாதவர்களுக்கும் இதே பாடம்தான். சப்-ஸ்டேஷனில் வேலை பார்க்கப் போகிறவர், கெமிக்கல் பிளான்ட்டில் வால்வு திருப்பப் போகிறவர், லிஃப்ட் மெயின்டெனன்ஸ் பார்க்கப் போகிறவர்... எல்லோர் கையிலும் பிறர் உயிர் இருக்கிறது. கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் ஃப்யூஸைப் பிடுங்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டு ஏறுகிறாரே, ஏன்? கீழே இருப்பவர் மேல் நம்பிக்கை இல்லாமலா? இல்லை. நண்பனும் மறப்பான் என்று தெரிந்த அறிவு அது.

ஆகவே, நாளைக்கு நீங்கள் சூப்பர்வைசராக உட்காரும்போது, உங்கள் கீழே ஒருவர் தவறு செய்தால் "யார் செய்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதைத் தடுக்க இங்கே என்ன இருந்தது? ஏன் இல்லை?" என்றும் கேளுங்கள். பழுதான விளக்கை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடச் சொல்லி மேலதிகாரி கையெழுத்துக் கேட்டால், போடாதீர்கள். லாக் புக்கில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதற்காக ஒருவரைப் பழிவாங்கினால் அவர் பின்னால் நில்லுங்கள். சங்கம் என்பது சம்பளம் கேட்பதற்கு மட்டுமல்ல, இதற்கும்தான்.

மனிதன் தவறுவான், அதை யாராலும் மாற்ற முடியாது. அவன் தவறும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வைப்பது நம்மால் முடியும். அந்தக் கையைச் செய்பவன்தான் உண்மையான தொழில்நுட்ப வல்லுநன்!